கார் இல்லாத குடித்தனம்

ஊரில் தங்கை மகளின் காதணி விழாவில், பக்கத்து இலையில் அமர்ந்திருந்த சித்தப்பா, “சிங்கப்பூர் போய் இத்தனை வருசமாச்சு, இன்னும் பஸ்லதான் வேலைக்குப் போறியா தம்பி?” என்று பந்தி முழுவதும் கேட்கும்படி கேட்டது எனக்கு வலித்தது. கார் வாங்காதவன் காலூன்றாதவன் என்பது நம் பக்கத்துக் கணக்கு.

இங்கே சிங்கப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது. 1990 முதல், கார் வாங்க நினைப்பவர் முதலில் சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுத்தாக வேண்டும். பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் அது, 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு 1,50,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) எட்டியது. அவ்வளவு கொடுத்து வாங்கிய காரும் காலையில் விரைவுச்சாலையில் ஊர்ந்துதான் போகிறது. என் பேருந்துக்கோ நெரிசல் நேரத்தில் பல சாலைகளில் தனித்தடம் உண்டு.

பேருந்தை நம்ப முடிவது தற்செயல் அல்ல. பயணிகள் அட்டவணைக்கு மேல் எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது என்பதை அளந்து, பேருந்து நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையோ அபராதமோ விதிக்கும் முறையை 2014இல் கொண்டுவந்தார்கள். காத்திருக்கும் எளிய மனிதரின் நேரத்துக்கு விலை உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதை நான் பெரிய மரியாதையாகவே கருதுகிறேன். கனமழை நாளில் பேருந்தும் பிந்தத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு பிந்தும் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது.

கைப்பேசியில் வண்டி வரும் நேரம் பச்சை நிறத்தில் தெரிந்தால் உட்கார இடமிருக்கிறது என்று பொருள். அந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம், மன்னார்குடி பேருந்து நிலையத்தில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்த அப்பாவும், போட்ட துண்டை யாரும் நகர்த்தாத அந்த ஊர்க்கட்டுப்பாடும் நினைவுக்கு வருகின்றன. வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் வண்டியில், பாட்டி மருத்துவமனைக்குச் செல்லும் நாள் கண்டக்டருக்குத் தெரியும். பாட்டி வரப்பில் நடந்து வருவதைக் கண்டால் விசில் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்.

இங்கே கதவு மூடினால் மூடியதுதான். அந்தக் கண்டிப்பால்தான் நான் நேரத்துக்கு வேலைக்குப் போகிறேன், அதில் எனக்குக் குறையில்லை. ஆனாலும், பாட்டிக்காக வண்டி நின்ற நாள்களில் உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுத்ததாக எனக்கு நினைவில்லை.