யெலாச்சிச் ரியேகாவுக்கு வருகிறார்: பாதி வேலை முடிந்தது

யெலாச்சிச்சின் தலையில் முடி கிடையாது. நான் வாங்கிய 28 மி.மீ. உலோகப் பொம்மைக்கோ அடர்ந்த சுருட்டை முடி. போன ஞாயிறு முழுக்க அதைக் கத்தி முனையால் சுரண்டி, நைசான உப்புத்தாளால் தேய்த்து வழுக்கையாக்கினேன். மீசையை எம்-சீலில் செய்து ஊசியால் முறுக்கிவிட்டேன். இரண்டு தடவை கீழே விழுந்து காணாமல் போனது. மூன்றாவது மீசைதான் இப்போது இருப்பது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: யோசிப் யெலாச்சிச் குரோவேஷியாவின் பான். வெற்றிலைக் கடைப் பான் இல்லை, ஆளுநர் பதவியின் பெயர். 1848 மார்ச்சில் அந்தப் பதவிக்கு வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் துறைமுக ஊரான ரியேகாவுக்கும் கடலோரப் பகுதியான டால்மேஷியாவுக்கும் அவரையே ஆளுநராக நியமித்தார்கள். அவர் ரியேகாவுக்குள் வண்டியில் வந்து இறங்கும் காட்சியைப் பெட்டிக்குள் அமைக்கிறேன். குறிப்பிட்ட ஒரு நாளின் நகல் அல்ல, என் கற்பனைதான். ரயில் அங்கே 1873இல்தான் வந்தது. அதனால் உள்நாட்டு ஊரான கார்லோவாட்ஸிலிருந்து மலையிறங்கும் லுய்சியானா சாலையில் குதிரை வண்டிதான். சக்கரங்களில் புழுதி பூச வேண்டும்.

பின்னணிக்கு ஊரின் மணிக்கூண்டு. அதை மட்டும் சின்ன அளவில் செய்து பின்னால் தள்ளி நிறுத்தினால், தூரத்தில் இருப்பதுபோல் கண் ஏமாறும். இன்றைய படத்தைப் பார்த்து அட்டையில் வெட்டி, மேலே அழகாகக் கும்மட்டமும் ஒட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கும்மட்டம் 1890இல் வந்தது என்று. அதன் உச்சியில் நிற்கும் இரட்டைத்தலைக் கழுகு 1906இல். இரண்டு வார வேலை! கும்மட்டத்தைப் பிய்த்துவிட்டு, பெட்டியின் மேல்விளிம்பைத் தாழ்த்தினேன். கோபுரத்தின் உச்சி இப்போது கண்ணில் படாது. ஏமாற்று வேலைதான், ஆனால் பொய் இல்லை.

ஒரு துணித் தொங்கலில் ஊர்ச் சின்னம் வரைந்ததிலும் சறுக்கினேன். கழுகின் இரண்டு தலைகளையும், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கழுகுபோல ஆளுக்கொரு பக்கம் பார்க்க வைத்திருந்தேன். 1659இல் லியோபோல்டு பேரரசர் ரியேகாவுக்குக் கொடுத்த கழுகின் இரண்டு தலைகளும் ஒரே பக்கம்தான் பார்க்கும். காலடியில் தண்ணீர் கொட்டும் ஜாடி. ரியேகா என்றாலும், இத்தாலியப் பெயரான ஃபியூமே என்றாலும் ஆறு என்றுதான் பொருள்.

காவலுக்கு நிற்கும் செரெஜான் (எல்லைப்புறப் படை) வீரர்களின் சிவப்பு அங்கி நன்றாக வந்திருக்கிறது. முதலில் செம்பழுப்பு, அது காய்ந்ததும் தண்ணீராகக் கரைத்த சிவப்பு மூன்று பூச்சு. மடிப்பின் மேட்டில் வெளிச்சம் காட்ட வெள்ளை கலந்தேன், பஞ்சுமிட்டாய் ஆகிவிட்டது. அந்த ஒருவனை மட்டும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கழுவி, வெள்ளைக்குப் பதில் ஆரஞ்சு கலந்து மறுபடி பூசினேன். சிவப்பு சிவப்பாகவே நின்றது.

சிக்கல் கூட்டத்தில்தான். 26 பேர். முதலில் எல்லார் கையையும் தூக்கி, தொப்பியை ஆட்டுவதுபோல வளைத்திருந்தேன். சரியாக இல்லை. கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் ஏற்றி வந்த ஆட்கள்போல இருந்தார்கள். அந்த ஊர் 1779இலிருந்து ஹங்கேரியோடு இணைக்கப்பட்டிருந்தது, இடையில் பிரெஞ்சு ஆட்சியும் வந்துபோனது. யெலாச்சிச்சோ ஹங்கேரிக்கு எதிராளி. ஊருக்குள் இத்தாலிய மொழி பேசிய வியாபாரிகள் நிறைய. 1848 ஆகஸ்ட் 31 அன்று யோசிப் புன்யெவாட்ஸ் தலைமையில் குரோவேஷியப் படை சண்டையில்லாமல் உள்ளே நுழைந்தது. சண்டை இல்லை என்றால் எல்லாருக்கும் சந்தோஷம் என்று ஆகுமா?

அதனால் ஒவ்வொருவராக யோசித்தேன். ஆற்றுக்கு அப்பால் ட்ர்சாட் மேட்டிலிருந்து இறங்கி வந்த குடியானவர்கள் ஒன்பது பேருக்குக் கை மேலேயே இருக்கட்டும். வியாபாரிகளில் மூவருக்குத் தொப்பி நெஞ்சளவுக்கு மட்டும்: மரியாதை உண்டு, உற்சாகம் இல்லை. ஒருவர் தொப்பியே கழற்றவில்லை. அவர் கையைக் குறட்டால் இறக்கும்போது மணிக்கட்டு உடைந்தது. கோட்டுப் பைக்குள் செருகி ஒட்டிவிட்டேன். இப்போது கூட்டத்திலேயே எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

மீதி 13 பேருக்கு இன்னும் முகமே வரையவில்லை. வண்டிக்குப் பின்சக்கரம் வேண்டும். குரோவேஷியாவின் மூவண்ணக் கொடியைச் சிகரெட் தாளில் வரைந்து பார்த்தேன், சிவப்பு வெள்ளைக்குள் கசிந்துவிட்டது. அடுத்த தடவை தாளுக்கு முதலில் பசை பூசிக் காயவைத்துப் பார்க்கிறேன்.