தறிக்கூட ஆபீஸ் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: க்ளோனா, புது இன்ஸ்டாலா?

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தின் கணக்கு லேப்டாப். ஐந்தாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் டேலி திறந்திருக்காது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 8 சதவீதம், டிஸ்க் மட்டும் 100 சதவீதம். இப்படி வரும் மெஷினுக்கு முதலில் எல்லோரும் கேட்பது, “ஏனுங்ணா, ஒருக்கா ஃபார்மேட் அடிச்சாப் போதாதுங்ளா?” என்பதுதான். போதாது. ரெண்டு மாதம் கழித்து அதே நிலைக்கு வந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில், சிப்பில் டேட்டா வைக்கும் எஸ்எஸ்டியை மாட்ட வேண்டும். பழைய டிஸ்க்கை அப்படியே அதில் நகலெடுப்பது க்ளோன், விண்டோஸை முதலிலிருந்து போடுவது புது இன்ஸ்டால்.

காரணம் இதுதான். 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 11 மில்லி செகண்ட் ஆகும். டேட்டா படிக்கும் தலை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் ஃபைல்களை நொடிக்கு 60, 70 தடவைக்கு மேல் தொட முடியாது. ஒவ்வொரு தடவையும் 4 கேபி என்று வைத்தால் நொடிக்குக் கால் எம்பி. பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்யும்போது 100 எம்பி காட்டும் அதே டிஸ்க், விண்டோஸ் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கேட்கும்போது இப்படித்தான் திணறும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, தலையும் இல்லை.

எஸ்எஸ்டி வாங்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலில் இடம். இந்த மாடலில் குச்சி போன்ற எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் இல்லை; 2.5 இன்ச் டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்பு மட்டும்தான். எம்.2 இருக்கும் மெஷின்களிலும் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பா என்று மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ரெண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் வகை மாறினால் பயோஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் செட்டிங் பகுதி) தெரியாது. அடுத்து தடிமன். இப்போது வரும் எஸ்எஸ்டி எல்லாம் 7 மி.மீ. பழைய லேப்டாப் சிலவற்றில் டிஸ்க் 9.5 மி.மீ. இருக்கும். அந்த 2.5 மி.மீ. இடைவெளிக்கு ஸ்பேசர் வேண்டும். இல்லாவிட்டால் கனெக்டர் ஆடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, அளவு. சி டிரைவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் கணக்கு. இதில் 210 ஜிபிதான், ஆகவே 500 ஜிபி தாராளம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்யப் போகிறவர்கள் கவனிக்க: விண்டோஸில் முதலாவது 465 ஜிபி, இரண்டாவது 447 ஜிபி என்று காட்டும். குளோன்சில்லா போன்ற க்ளோன் டூல், “டார்கெட் சின்னது” என்று சொல்லி நின்றுவிடும். முதலில் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்க வேண்டும், அல்லது தானே அளவை மாற்றிக்கொள்ளும் டூல் எடுக்க வேண்டும். சாம்சங், குரூஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்எஸ்டிகளுக்கு அந்தந்தக் கம்பெனியே இப்படி ஒன்றை இலவசமாகத் தருகிறது.

பிராண்டைப் பற்றி ஒரு வார்த்தை. 500 ஜிபி சாம்சங் 870 ஈவோவுக்கு 300 டிபி எழுதும் வரை அல்லது 5 வருஷம் வாரண்டி. 480 ஜிபி கிங்ஸ்டன் ஏ400க்கு 160 டிபி, 3 வருஷம். ஆபீஸ் லேப்டாப் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் 160 டிபி தீர இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே டேலி மெஷினுக்கு விலை குறைந்ததே போதும். பெயர் தெரியாத பிராண்டு மட்டும் வேண்டாம்: கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கும் புழங்குகிறது. பில்லோடு வாங்கி, மாட்டும் முன்பே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற டூலை ஓட்டி முழு இடத்திலும் எழுதிப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி முக்கியமான கட்டம். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ டூலை ஓட்ட வேண்டும். அதில் மூன்று வரி பார்த்தால் போதும்: 05 என்பது கெட்டுப்போய் மாற்றிவைத்த செக்டர் (டிஸ்க்கின் சின்னத் துண்டு), சி5 என்பது படிக்கத் தடுமாறிக் காத்திருக்கும் செக்டர், சி6 என்பது சரிசெய்ய முடியாதது. மூன்றும் பூஜ்யம் என்றால் க்ளோன் செய்யலாம். இந்த மெஷினில் சி5 இருபதைத் தாண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிறது. மேசையில் வைத்த தண்ணீர் டம்ளரில் அதிர்வு தெரிகிறது. அதிர்வில் தலை தடம் விலகும், திரும்பத் திரும்பப் படிக்கும். அதுவும் மெஷின் மெதுவாவதற்கு ஒரு காரணம். தறிக்கூடத்தில் ஹார்ட் டிஸ்க் லேப்டாப் வைப்பதே தப்பு என்பது எங்கள் கருத்து.

சி5 இருக்கும் டிஸ்க்கை க்ளோன் செய்தால் பாதியில் எர்ரர் வந்து நிற்கும். “பேட் செக்டரைத் தாண்டிப் போ” என்ற ஆப்ஷனைப் போட்டால் முடிந்துவிடும்தான். ஆனால் விட்டுப்போனது விண்டோஸ் ஃபைலா, டேலி கம்பெனி டேட்டாவா என்று உடனே தெரியாது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியும். அதனால் இங்கே புது இன்ஸ்டால்தான். செக்டரை ரிப்பேர் செய்கிறேன் என்று செக் டிஸ்க் ஓட்டவும் கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அது பல மணி நேர வேலை கொடுக்கும். முதல் வேலை, டேலி டேட்டா ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, அதை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பது.

ஃபோட்டோவும் டாக்குமெண்டும் எடுக்க யாரும் மறப்பதில்லை. மறப்பவை வேறு. ஃபாண்ட் ஃபோல்டர்: பாமினி, வானவில் அவ்வையார் எல்லாம் போய்விட்டால் பழைய லெட்டர்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் போட்டுவைத்த பில் பேப்பர் சைஸ்: நீளம், அகலம் இரண்டையும் குறித்துக்கொள்ளாவிட்டால் பில் பாதிப் பக்கத்தில் உடையும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு. டேலி லைசென்ஸ் மெஷினோடு கட்டப்பட்டது என்பதால் டிஸ்க் மாற்றும் முன்பே சரண்டர் செய்துவிட்டு, பிறகு திரும்ப ஆக்டிவேட் செய்ய வேண்டும். விண்டோஸ் விஷயத்தில் கவலை இல்லை; டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, அதே எடிஷனைப் போட்டால் நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

கழற்றும் வேலை அரை மணி நேரம்தான். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் பிஹெச்0 பிட்டுக்கு வரும். ரப்பர் காலுக்கு அடியிலும், டிவிடி டிரைவை இழுத்தால் அதன் கீழும் ஒளிந்திருப்பதை எடுக்காமல் நெம்பினால் கிளிப் உடையும். டிஸ்க்கிலிருந்து போர்டுக்கு ஃப்ளாட் கேபிள் போகும் மாடல்களில் கறுப்புப் பூட்டை நகத்தால் நிமிர்த்திய பிறகுதான் கேபிளை இழுக்க வேண்டும். பழைய டிஸ்க்கின் பிராக்கெட்டை எஸ்எஸ்டிக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

மூடியைத் திறந்ததும் டிஸ்க்குக்கு முன்னால் கண்ணில் பட்டது ஃபேன். ஃபேனுக்கும் செம்புக் குழாய் முடியும் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு படிந்து, கம்பளித் துண்டு போலக் கனமாக ஒரு பட்டை. பல்லடம், சோமனூர், திருப்பூர் மெஷின்களில் இது வாடிக்கை. ட்வீசரால் பிடித்தால் முழுப் பட்டையாக உரிந்து வரும். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். இதைச் செய்யாமல் எஸ்எஸ்டி மட்டும் மாட்டினால், வெயில் காலத்தில் பிராசஸர் சூடாகி மறுபடி மெதுவாகும். பழி எஸ்எஸ்டி மேல் விழும்.

இன்ஸ்டால் செய்யும்போது ஒரே ஒரு கண்டிப்பு: பழைய டிஸ்க் மெஷினில் இருக்கக் கூடாது. டிவிடி டிரைவ் இடத்தில் டிஸ்க் மாட்டும் சட்டத்தில் (கேடி) மாட்டி வைத்தபடி இன்ஸ்டால் செய்தால் பூட் பார்ட்டிஷன் அதில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு அதைக் கழற்றினால் விண்டோஸ் எழாது. பயோஸில் யுஇஎஃப்ஐ (பூட் ஆகும் முறை), ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்க்கோடு பேசும் முறை) இரண்டையும் இன்ஸ்டாலுக்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும்.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்து க்ளோன் செய்கிறவர்களுக்கு: டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் முதலில் முழுதாக ஆஃப் செய்து, டிகிரிப்ட் முடியும் வரை காத்திருங்கள், 48 இலக்க ரெகவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாட்டா டு யூஎஸ்பி 3.0 கேபிள் வழியே 200 ஜிபி போக ஒரு மணி நேரம் பிடிக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இதைத் தொடங்க வேண்டாம். பழைய லேப்டாப் பேட்டரி பத்து நிமிஷம் கூடத் தாங்காது. முடிந்ததும் ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்து பூட் செய்யக் கூடாது. இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும்.

2011ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அவற்றை க்ளோன் செய்வது வீண் வேலை, புதிதாகப் போட்டுவிடலாம்.

எஸ்எஸ்டி போட்டதால் விண்டோஸ் 11 வந்துவிடாது. அதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால், பேங்க் வேலை பார்க்கும் மெஷின் என்றால் இந்தச் செலவு செய்யும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

இப்போது இந்த லேப்டாப் இருபது நொடிக்குள் டெஸ்க்டாப் வருகிறது. பழைய டிஸ்க்கை உடனே அழிக்கவில்லை. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஒரு தடவை ஒழுங்காகப் போய், எந்த ஃபைலும் விட்டுப்போகவில்லை என்று கணக்குப் பிள்ளை சொல்லும் வரை பேப்பர் கவரில் பீரோவில் இருக்கும். சி5 பூஜ்யமாக இருந்திருந்தால் அதை யூஎஸ்பியில் செருகும் வெளிப்பெட்டியான என்க்ளோஷரில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இதை அப்படி நம்ப முடியாது. டேட்டாவை அழித்துவிட்டு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டியதுதான்.