‘எல்லாம் ஒண்ணுதான் தம்பி’: அப்பாவின் கேஸ் மாத்திரை

அப்பாவின் கைநடுக்கம் ஒருவழியாக நின்றுவிட்டது. நரம்பு வியாதியும் இல்லை, வயசுக்கோளாறும் இல்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்த கேஸ் மாத்திரைதான் காரணம். இதைக் கண்டுபிடிப்பதற்குள் மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் பஸ்ஸில் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

ஆரம்பம் சாதாரணமானதுதான். குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று ராத்திரி பகலாகக் காவல் கிடந்தார். கண்ட நேரத்தில் பரோட்டா, தின்ற கையோடு சாக்கின் மேல் படுக்கை. எதுக்களிப்பும் வயிற்று உப்புசமும் வந்ததில் ஆச்சரியமில்லை. தஞ்சாவூர் டாக்டர் பான்டபிரசோல் 40 மி.கி., டோம்பெரிடோன் 30 மி.கி. சேர்ந்த கேப்சூலை இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதினார். நன்றாகவே கேட்டது.

கொஞ்ச நாளில் மறுபடி நெஞ்சு கரித்தது. அப்பா சீட்டு இல்லாமல் நேரே மருந்துக்கடைக்குப் போனார். அந்த மருந்து ஸ்டாக் இல்லையாம். “இது அதே கம்பெனி, எல்லாம் ஒண்ணுதான்” என்று வேறொரு பட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். பெயரின் முன்பகுதி அச்சு அசல் அதேதான். கடைசியில் ‘டி’ இருந்த இடத்தில் ‘எல்’.

அந்த ‘எல்’தான் லெவோசல்பிரைடு, 75 மி.கி. இந்தக் கேப்சூல்களில் பாதி அமிலத்தைக் குறைக்கும், மறுபாதி வயிற்றில் இருப்பதைக் கீழே தள்ளிவிடும். அமிலத்துக்கான பாதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வகைதான். தள்ளுகிற பாதிதான் பட்டைக்குப் பட்டை வேறு: டோம்பெரிடோன், ஐடோபிரைடு, லெவோசல்பிரைடு. டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாது. லெவோசல்பிரைடு நுழையும், அங்கே உடல் அசைவைச் சீராக வைக்கிற டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும். வயசானவர்களுக்கு அதனால் பார்க்கின்சன் நோய் மாதிரியே நடுக்கமும் விறைப்பும் வரலாம். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் கவனித்தது வங்கிக் கவுண்டர்காரர். நெல் பணத்தை எடுக்கப் போனால், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஃபாரத்தைத் தள்ளிவிட்டார். அப்பா போட்ட கையெழுத்தைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சிறுத்து, கோடு நெளிந்து, கடைசி எழுத்து காகிதத்தின் ஓரத்தில் போய் இடித்துக்கொண்டு நின்றது. “புதுசா மாதிரிக் கையெழுத்து போட்டுக் குடுங்க, அப்புறம் பாக்கலாம்.” அன்றைக்குப் பணமும் இல்லை.

தஞ்சாவூர் மருத்துவமனையில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனால், ஓபி சீட்டுப் போடுகிற இடத்தில் பழைய சீட்டு எங்கே என்று ஒரு சண்டை. அதைத் தாண்டி உள்ளே போனால், “என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்ற கேள்விக்கு அப்பா, “பிபி மாத்திரை ஒண்ணுதாங்க” என்றார். கேஸ் மாத்திரையை நம் ஊரில் யார் மாத்திரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்? நான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பட்டையில், மருந்து மெதுவாக வெளியாகும் என்பதைக் குறிக்கும் ‘எஸ்ஆர்’ என்ற வால் மட்டும்தான் மிச்சம். பெயர் இருந்த பக்கத்தைக் கடைக்காரர் எப்போதோ கத்தரித்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். பில் என்று இருந்தது மொத்தத் தொகை எழுதிய துண்டுத்தாள். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பயணம் வீண்.

வீட்டில் சாமி மாடத்துக்குப் பின்னால் முழுப் பட்டை ஒன்று கிடைத்தது. அடுத்த தடவை அதைக் கொண்டுபோய் நீட்டினேன். டாக்டரம்மா திருப்பிப் பார்த்தார். “எத்தனை மாசமா?” அவ்வளவுதான் கேட்டார். “இத நிறுத்துங்க, ஸ்கேன் அப்புறம் பாத்துக்கலாம்.” சில வாரங்களில் நடுக்கம் படிப்படியாகக் குறைந்தது. ஸ்கேன் எடுக்கவே இல்லை.

நெஞ்செரிச்சலுக்கு அதற்குப் பதிலாக எழுதித் தந்த மாத்திரையையும் நாளடைவில் குறைத்தார்கள். அப்போது சில வாரத்துக்கு எரிச்சல் கூடத்தான் செய்யும், பயந்து பழைய கேப்சூலுக்கு ஓடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே எரிந்தது. அந்த நாட்களை, அமிலத்தைத் தணிக்கிற வெள்ளை டானிக் வைத்து ஓட்டினோம்.

‘டி’ என்றால் பயமில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். டோம்பெரிடோன் இதயத்துடிப்பின் லயத்தைக் கெடுக்கலாம். ஐரோப்பாவில் 2014லேயே ஒரு வேளைக்கு 10 மி.கி., நாளைக்கு மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தினார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். நம் பக்கம் இன்னொரு சிக்கல்: சேற்றில் நிற்கிறவர்களுக்குச் சேற்றுப்புண் வரும், அதற்கு ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை எழுதுவார்கள். அது டோம்பெரிடோனோடு சேரக்கூடாத மருந்து. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். தோல் டாக்டரிடமும் கேஸ் மாத்திரையைச் சொல்லுங்கள்.

இப்போது கடையில் பட்டையை வெட்டும்போது பெயரும் தேதியும் இருக்கிற பக்கம்தான் வேண்டும் என்று நிற்கிறேன், கம்ப்யூட்டர் பில்லும் கேட்கிறேன். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தருகிறார்.

வங்கி விவகாரம்தான் இன்னும் முடியவில்லை. அன்றைக்கு நடுங்கிய கையோடு அப்பா போட்டுக் கொடுத்ததைத்தான் மாதிரிக் கையெழுத்தாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். இப்போது அவர் ஒழுங்காகப் போடுகிற கையெழுத்து அதோடு ஒத்துப்போகவில்லையாம். திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.