எழும் நேரத்தைப் பிடித்தால் போதும்: ஊரடங்கு விட்டுப்போன ராத்திரிகள்

கொரோனா ஊரடங்கு கல்லூரிப் பிள்ளைகளின் மனசை என்ன செய்தது என்று கேட்டால், பயம், தனிமை, ஆன்லைன் வகுப்பு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் தூக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். தூக்கம் தடம் மாறிவிட்டால் வேறு எந்த யோசனையும் எடுபடாது. விடியற்காலை 4 மணிக்குப் படுத்து மதியம் எழுகிறவனிடம் யோகா செய், டைரி எழுது என்று சொல்லி என்ன பயன்? அன்றைக்குப் பழகிய ராத்திரி பலரை இன்னும் விடவில்லை. டிஎன்பிஎஸ்சிக்கும் வங்கித் தேர்வுக்கும் வீட்டிலிருந்தே படிக்கிறவர்கள், அரியரை முடிக்கக் காத்திருக்கிறவர்கள், படிப்பை முடித்து வேலை தேடுகிறவர்கள் என்று நாள் முழுக்க வீட்டோடு இருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

மதுரைக்கு விழுந்த அடி சாதாரணமில்லை. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் அதிகாலை, மாநிலத்தின் முதல் கொரோனா மரணம் இங்கே ராஜாஜி மருத்துவமனையில். கொஞ்சம் தளர்வு வந்தது என்று மூச்சு விடுவதற்குள், ஜூன் 24 முதல் மாநகராட்சியிலும் பரவையிலும் சுற்றியுள்ள ஒன்றியங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு, ஜூலை பாதி வரை. நடுவில் சித்திரைத் திருவிழா இல்லை. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தை டிவியில்தான் பார்த்தோம். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. 2021 மே மாதம் இன்னொரு முழு ஊரடங்கு. அதோடு வீட்டுக்கு வீடு இழவு.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். காலை வெளிச்சமும், ஒரே நேரத்தில் எழுந்து கிளம்புவதும்தான் அதைத் தினமும் திருத்தி வைக்கின்றன. காலேஜ் பஸ், முதல் பீரியடு, கேன்டீன் டீ, நாள் கிழமை, திருவிழா எல்லாம் போனதும் திருத்துவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. நாளுக்கு நாள் தூக்கம் தள்ளிப்போனது.

ராத்திரியைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் சோம்பேறி என்று திட்டியது பெரிய அநியாயம். செல்லூரிலோ ஜெய்ஹிந்துபுரத்திலோ ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வாடகை வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு வேலை இல்லை. டிவியில் காலையிலிருந்து சாவுக் கணக்கு. மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் உட்காரவே முடியாது. 11 மணிக்கு எல்லோரும் படுத்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு நேரம் கிடைக்கிறது. நெட் பேக்கில் அன்றைய 1.5 ஜிபி சாயங்காலமே தீர்ந்திருக்கும், நள்ளிரவு 12 அடித்தால் புதிய கணக்கு தொடங்கும். அப்போது போனை எடுத்தால் கீழே வைக்க 4 மணி ஆகும். அதனால் ராத்திரியை விடச் சொல்வதற்கு முன்னால், பகலில் தனியாக இருக்க அரை மணி நேரமாவது ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும்.

இனி வழி. படுக்கும் நேரத்தோடு சண்டை போடாதீர்கள், எழும் நேரத்தை மட்டும் பிடியுங்கள். தூக்கத்தை வா என்று கூப்பிட்டு வரவைக்க முடியாது, எழுந்திருப்பது நம் கையில் இருக்கிறது. இப்போது 11 மணிக்கு எழுகிறீர்கள் என்றால் 10.30க்கு அலாரம். 3 நாள் அதே நேரம், பிறகு 10 மணி. இப்படி அரை மணி அரை மணியாக 6.30க்கு வர 9 படி, ஏறக்குறைய 4 வாரம். எல்லோரும் தவறவிடுவது இங்கேதான். நாளையிலிருந்து 5 மணி என்று சபதம் எடுத்து, 2 மணி நேரத் தூக்கத்தோடு எழுந்து, மதியம் 3 மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கி, ராத்திரி கொட்டக் கொட்ட முழித்திருப்பார்கள். மூன்றாம் நாள் சபதம் போய்விடும். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத்தான் தூக்கத்தின் அழுத்தம் சேரும், நீண்ட பகல் தூக்கம் அதைத் தீர்த்துவிடுகிறது. முடியவே இல்லையென்றால் 3 மணிக்கு முன்னால் 20 நிமிடம், அலாரம் வைத்து. ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே நேரம்தான்.

எழுந்த பத்து நிமிடத்துக்குள் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துங்கள். இது ஒழுக்கத்துக்காகச் சொல்வதில்லை. பாயிலேயே கூகுள் மீட், பாயிலேயே சாப்பாடு, பாயிலேயே பப்ஜி என்று இருந்தால், அது தூங்கும் இடம் என்பது மூளைக்கு மறந்துவிடும். ராத்திரி படுத்தாலும் வகுப்பில் இருக்கிற விழிப்பே இருக்கும். ஒரே அறை என்றால் படிக்க வேறு சுவரைப் பார்த்து உட்காருங்கள், அந்த இடத்துக்கு ஒரு மனைப்பலகையோ மடித்த போர்வையோ தனியாக இருக்கட்டும். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து உட்கார்ந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியம் இல்லாத எதையாவது புரட்டுங்கள், கண் சொருகும்போது மறுபடி படுங்கள். மணி பார்க்க வேண்டாம், பார்த்தால் இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

எழுந்ததும் 20 முதல் 30 நிமிடம் மொட்டை மாடி. சூரியனை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, வெட்டவெளியில் இருந்தாலே போதும். பல குடித்தனம் உள்ள வீட்டில் மாடிக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தனிமை நேரமும் இதிலேயே அடங்கும். டீயின் வேகம் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும், அதனால் பிற்பகல் 3க்கு மேல் வேண்டாம். சிகரெட், வாயில் அதக்கும் கூல் லிப் போன்ற புகையிலைச் சரக்குகள் பதற்றத்தைக் குறைப்பதுபோல் தோன்றும், ஆனால் நிகோடின் விழிக்க வைக்கும் சரக்கு. மது படுத்ததும் தூங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். உடம்பு சூடு இறங்கினால்தான் தூக்கம் வரும் என்பதால், கோடையில் சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளித்து, கொசுவலை கட்டி அங்கேயே படுப்பது நம் ஊருக்கு நல்ல வைத்தியம். போனை வாசல் பக்கம் சார்ஜில் போட்டுவிட்டு, சாதாரண அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துப் பிள்ளைகளின் கதை வேறு. மல்லி மொட்டு விரிவதற்குள் பறிக்க வேண்டும் என்பதால் விடியலுக்கு முன்பே தோட்டத்தில் இருப்பார்கள். அவர்களிடம் தூக்கப் பாடம் நடத்துவது அபத்தம். 10 மணி வகுப்பில் சோர்ந்து விழுவது, டவர் கிடைக்காமல் கண்மாய்க் கரை ஏறுவது, ஒரு போனை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது இவைதான் அவர்களை அரித்தன. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 9.69 லட்சம் மாணவர்களுக்கு அரசு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது உதவியாகத்தான் இருந்தது, ஆனால் டேட்டா கார்டு டவரைக் கொண்டுவராது. இந்த நிலையில் இருப்பவர் செய்ய வேண்டியது, வருகைப்பதிவு குறைந்து நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் வகுப்பாசிரியருக்கு நாலு வரி அனுப்புவது: என்ன வேலை, எந்த நேரம், எந்த வகுப்பு தவறும், பதிவு செய்த வகுப்பு கிடைக்குமா. அவமானம் என்று சொல்லாமல் விட்டவர்கள்தான் படிப்பை நிறுத்தும் அளவுக்குப் போனார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்பது என்றாலே வேலை என்று ஆகிவிட்டது. வகுப்பு நடக்கும்போதே பால் பொங்குகிறது பார், தம்பிக்குச் சோறு போடு என்று குரல் வரும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. வகுப்பு, படிப்பு நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தினக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, அதற்குக் கீழே தான் செய்யும் வீட்டு வேலைகளையும் நேரத்தோடு எழுதினால், பேரம் பேச ஒரு காகிதமாவது இருக்கும். அதே காகிதத்தில் அண்ணன், தம்பி பெயரும் இருக்க வேண்டும். பெற்றோர்கள் இதை வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பரீட்சையைவிட, பரீட்சை உண்டா இல்லையா என்பதுதான் அதிகம் வதைத்தது. 2020 ஜூலை 6 அன்று, இறுதியாண்டுத் தேர்வு செப்டம்பருக்குள் நடக்க வேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி. ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டியிருந்தால் இறுதிப் பருவம் தவிர மற்றப் பருவங்களின் அரியர் தேர்வு ரத்து என்றது மாநில அரசு. இரண்டு நாள் கழித்து உச்ச நீதிமன்றம் யுஜிசி பக்கம் தீர்ப்பு. ஒவ்வொரு செய்திக்கும் வாட்ஸ்அப் குழுவில் நூறு வதந்தி. ஆல் பாஸ் வாங்கியவர்களுக்கும் நிம்மதியில்லை, கொரோனா பேட்ச் என்ற பேச்சு வேலை தேடும்வரை பின்னால் வந்தது. இந்த மாதிரிக் கவலையை நினைக்காதே என்றால் இரண்டு மடங்காக வரும். அதற்கென்று ஒரு நேரம் கொடுப்பதே மேல். மாலை 5 மணிக்கு 15 நிமிடம், பாயில் உட்காராமல், நோட்டின் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். இடது பக்கம் இன்றைக்கு என் கையில் இருப்பது: கட்டண ரசீதைப் போட்டோ எடுத்து வைப்பது, முதல் யூனிட்டை முடிப்பது. வலது பக்கம் காத்திருக்க வேண்டியது: கோர்ட், அறிவிப்பு, ரிசல்ட். ராத்திரி அதே கவலை வந்தால் ஒரு வார்த்தை குறித்துவிட்டு நாளை 5 மணிக்குத் தள்ளுங்கள். ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகும்.

மனசு சரியானதும் படிக்கிறேன் என்பது தலைகீழ். கை வேலையைத் தொட்ட பிறகுதான் மனசு மெதுவாகப் பின்னால் வரும். 14 மணி நேர டைம்டேபிள் போடாதீர்கள், அதில் ஒரு மணி தவறினாலே அன்றைய நாள் வேஸ்ட் என்று தோன்றிவிடும். நாளுக்கு மூன்று போதும்: உடம்பு அசையும் ஒன்று, சாயங்காலம் கண்ணுக்குத் தெரியும் ஒன்று, ஒரு மனுஷரோடு ஒன்று. ஒவ்வொன்றும் 10 நிமிடத்தில் தொடங்கட்டும். மனுஷரோடு என்றால் குழுவில் ஸ்டிக்கர் போடுவது கணக்கில்லை, குரல் கேட்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் 25 நிமிடம் பேசாமல் படித்துவிட்டு 5 நிமிடம் பேசுவது, பேச விஷயம் இல்லாத நாளிலும் நடக்கும்.

பணம் வைத்து ஆடிய ஆன்லைன் ரம்மி தனிக் கொடுமை. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தால் தடுத்தது, 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. விட்டதைப் பிடிக்க லோன் ஆப்பில் கடன், கடனுக்கு இன்னொரு கடன். ஆப்பை அழித்தால் மட்டும் நிற்காது. யாருக்கு எவ்வளவு என்று முழுசாக எழுதி வீட்டில் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள், யுபிஐ வரம்பைக் குறையுங்கள். மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அழையுங்கள்.

இதெல்லாம் இரண்டு வாரம் செய்தும் எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, அழுகை அடங்கவில்லை என்றால் அது பழக்கத்தால் தீர்வதில்லை. மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்கியூ-9 என்ற பட்டியலில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிய கடைசிக் கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே பேச வேண்டும்.

நண்பன் திடீரென்று ஒதுங்கினால், பிடித்த பொருளையெல்லாம் எடுத்துக் கொடுத்தால், இனி யாருக்கும் தொந்தரவு இருக்காது என்றால், சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வராது, சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். இரகசியம் என்று சத்தியம் வாங்கினாலும் வீட்டில் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள், ஆபத்தான பொருட்களைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டும் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. மனநலத்துக்காக 1992 முதல் மதுரையில் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம்: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனை கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது.

முதல் தடவை போகும்போது கூட ஒருவர் போவது நல்லது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்று இரண்டு வாரக் குறிப்பையும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எடுத்துப் போங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முதல் சில நாள் வயிற்றைப் பிரட்டலாம். பலன் இல்லை என்று பாதியில் நிறுத்துவதும், தேறிவிட்டது என்று தானாக நிறுத்துவதும்தான் அதிகம் நடக்கும் தவறு. அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதித் தருவார்கள். அன்றைக்கும் கூடவே போங்கள்.