சொல்லாமல் விட முடியாதவை

மொழிக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச்செடுத்தால், துருவப் பகுதி மக்களிடம் பனியைக் குறிக்க எத்தனையோ சொற்கள் உண்டு என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. 1911-இல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் நான்கே நான்கு சொற்களை எடுத்துக்காட்டாகத் தந்தார். 1940-இல் மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் அதைச் சற்று நீட்டினார். பிறகு கைமாறக் கைமாற எண்ணிக்கை தானாகவே வளர்ந்தது. இப்படி வளர்ந்த விதத்தை மானிடவியலாளர் லாரா மார்ட்டின் 1986-இல் விரிவாக எழுதிக் காட்டிய பின்னும் கதை ஓயவில்லை. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் அதிலிருந்து பெரிதாக எதுவும் தேறாது என்பதே என் எண்ணம். எந்தத் தொழில் செய்பவருக்கும் அந்தத் தொழிலின் பொருள்களுக்குக் கூடுதலான பெயர்கள் தெரிந்திருக்கும். அதனால் அவருடைய மனமே வேறாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மொழி மனிதர்மேல் வேலை செய்யும் இடத்தை அகராதியில் தேடுவதைவிட, நாம் கவனிக்காமலே கடந்துபோகும் விகுதிகளிலும் பிரதிப்பெயர்களிலும் தேடுவது பயன் தரும்.

இதை மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1959-இல் எழுதிய ஒரு கட்டுரையில் தெளிவாகச் சொன்னார். எதைச் சொல்ல முடியும் என்பதில் மொழிகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. எதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன என்பது அவர் கருத்து. தமிழில் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கி, வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது வந்தான், வந்தாள், வந்தார் என்ற மூன்றில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். அவர் ஆணா பெண்ணா என்பதோ, அவருக்கு நாம் எவ்வளவு மதிப்புத் தருகிறோம் என்பதோ கேட்பவருக்குத் தேவையே இல்லாத தகவலாக இருக்கலாம். இருந்தாலும் வினைமுற்று நம்மை விடாது. மதிப்பை ஓரமாக வைத்துவிட்டுச் செய்தியை மட்டும் சொல்ல வழியில்லை. ஒரு நாளில் பல நூறு முறை இந்த முடிவை எடுக்கும் ஒருவர், மனிதர்களை அந்த அளவுகோலோடு பார்க்கப் பழகிவிடுவதில் வியப்பில்லை.

நாம், நாங்கள் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நம் இலக்கணங்கள் சொல்லும். ஓர் அலுவலகத்தில் நான்கு பேர் அமர்ந்து ஒரு புதிய நடைமுறையை வகுத்து, அதை மற்ற எல்லோருக்கும் அறிவிக்கக் கடிதம் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதினால் முதல் வரி முதல் கடைசி வரி வரை ஒரே தன்மைப் பன்மைச் சொல் போதும். யார் முடிவெடுத்தார்கள், யார் அதைச் சுமக்கப்போகிறார்கள் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் அமுங்கிவிடும். தமிழில் நேர்மையாக எழுதினால், "நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம், அடுத்த மாதத்திலிருந்து நாம் இதைப் பின்பற்றுவோம்" என்றுதான் எழுத வேண்டும். முடிவு நால்வருடையது, சுமை எல்லோருடையது என்பது ஒரே வரியில் வெளிப்பட்டுவிடுகிறது. அதை மறைக்க விரும்பி "நாம் முடிவெடுத்திருக்கிறோம்" என்று திருத்தினால், அந்த அறையில் தான் இல்லை என்பது படிப்பவருக்குத் தெரியுமாதலால், அந்த 'நாம்' உடனே உறுத்தும். மேடைப் பேச்சாளர்கள் நாங்களில் தொடங்கி நாமுக்கு நழுவும் இடத்தைக் கவனித்துக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அங்கேதான் கேட்பவரிடமிருந்து ஏதோ ஒன்று எதிர்பார்க்கப்படுகிறது.

இதிலிருந்து அவசர முடிவுக்குத் தாவக் கூடாது. தெலுங்கிலும் மலையாளத்திலும் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. இக்காலக் கன்னடத்திலோ இரண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான். இலக்கணம்தான் கூட்டுணர்வை உண்டாக்குகிறது என்று வாதிட்டால், கன்னடம் பேசுவோருக்குத் தம்மவர், பிறர் என்ற உணர்வு குறைவு என்று சொல்ல வேண்டிவரும்; அது அபத்தம். அவர்களும் தேவைப்படும்போது அதே வேறுபாட்டைச் சொல்லிக்கொள்கிறார்கள். தேவைப்படாதபோதும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் அங்கே இல்லை.

துருக்கி மொழியில் இந்தக் கட்டாயம் வேறு இடத்தில் விழுகிறது. நேரில் அறிந்த இறந்தகாலச் செய்திக்கு ஒரு விகுதி. பிறர் சொல்லக் கேட்டதற்கும், தடயங்களை வைத்து ஊகித்ததற்கும் '-மிஷ்' என்ற வேறொரு விகுதி. கொலம்பியாவும் பிரேசிலும் சேரும் பகுதியில் பேசப்படும் துயூகா மொழியில் இது இன்னும் நுணுக்கமானது: கண்ணால் கண்டது, வேறு புலனால் அறிந்தது, தடயத்தால் ஊகித்தது, பிறர் சொல்லக் கேட்டது, பொது அறிவால் கருதிக்கொண்டது என்று ஐந்து வகையில் ஒன்றை வினையிலேயே காட்ட வேண்டும். அம்மொழியில் பொய் சொல்ல முடியாது என்பதில்லை. பொய் சொல்பவர், அதை எப்படி அறிந்தேன் என்பதற்கும் சேர்த்து இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நமக்கும் 'வந்தானாம்' என்ற அழகான 'ஆம்' இருக்கிறது. ஆனால் அது விருப்பத்துக்குரியது. அதைச் சேர்க்கச் சோம்பல்படும் ஒவ்வொரு முறையும் கேள்விப்பட்டது நடந்ததாகவே நின்றுவிடுகிறது.

இவையெல்லாம் பேச்சோடு நின்றுவிடுகின்றனவா, மனத்துக்குள்ளும் இறங்குகின்றனவா என்பதுதான் ஆய்வாளர்களின் நெடுநாள் சண்டை. ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழியினர் இடம், வலம் என்பதற்குப் பதிலாக வடக்கு, தெற்கு முதலிய திசைகளையே பேச்சில் கையாள்கிறார்கள். ஒரு பொருள் உங்கள் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தாலும் அது கிழக்கில்தான் இருக்கும். மொழியியலாளர் ஸ்டீவன் லெவின்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் பல மொழியினரிடம் ஓர் எளிய சோதனையைச் செய்தார்கள். மேசைமேல் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு, எதிர்ப்புறம் திரும்பி, வேறொரு மேசையில் அதே வரிசையை அமைக்கச் சொன்னார்கள். இடவலம் பேசுவோர் தம் வலக்கைப் பக்கம் பார்த்த விலங்கை மறுபடியும் வலக்கைப் பக்கம் பார்க்குமாறு வைத்தார்கள். திசை பேசுவோர் வடக்கு நோக்கியதை வடக்கு நோக்கியே வைத்தார்கள். இது மொழியின் வேலை அல்ல, சூழலின் வேலை என்று உளவியலாளர்களான பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் 2002-இல் மறுத்தார்கள். சுற்றியுள்ள அடையாளங்களை மாற்றினால் ஆங்கிலம் பேசும் மாணவர்களின் விடைகளும் மாறின என்பது அவர்கள் காட்டிய சான்று.

இந்த வழக்கில் தமிழும் ஒரு சாட்சி என்பது பலருக்குத் தெரியாது. மொழியியலாளர் எரிக் பீடர்சன் தமிழ் பேசுவோரிடம் ஆராய்ந்தபோது, நகரத்தார் இடவலமும் கிராமத்தார் திசைகளும் பேசினார்கள். சோதனையின் விடைகளும் பெரும்பாலும் அந்தப் போக்கிலேயே பிரிந்தன. இலக்கணம் ஒன்று, சொற்களும் ஒன்று, பழக்கம் மட்டும் வேறு. மொழி என்ற பெரிய பெயரைவிட, அதற்குள் ஒரு கூட்டம் அன்றாடம் எதைக் கையாள்கிறது என்பதே கணக்கில் வருகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சூழலா மொழியா என்ற பிணக்கை இந்தச் சான்று தீர்க்கவில்லை. கிராமமும் ஒரு சூழல்தானே.

அடையாளம் என்று வரும்போது கதை வேறு. 1952 பிப்ரவரி 21 அன்று அப்போது பாகிஸ்தானில் இருந்த டாக்காவில், உருதுவோடு வங்காளத்தையும் அரச மொழியாக்கக் கோரிய மாணவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956-இன் பாகிஸ்தான் அரசியல் சட்டம் அந்தக் கோரிக்கையை ஏற்றது. யுனெஸ்கோ 1999-இல் அந்த நாளைத் தாய்மொழி நாளாக அறிவித்தது. வங்காள வினைச்சொல் ஆண்பால் பெண்பால் பார்ப்பதில்லை; உருது வினைச்சொல் பார்க்கும். ஆனால் அதற்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. எந்த மொழியில் விண்ணப்பம் எழுதினால் ஏற்பார்கள், எந்த மொழி தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும் என்பதே அங்கே கேள்வி. மொழி உலகப் பார்வையைத் தருகிறது என்பதையும், மொழி ஒரு மக்களை அடையாளம் காட்டுகிறது என்பதையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. முன்னது மனத்தின் பழக்கம் பற்றியது, பின்னது அதிகாரம் பற்றியது.

அந்தப் பழக்கமும் மாறாத ஒன்றல்ல. 1960-கள் வரை சுவீடனில் அறிமுகம் குறைந்த ஒருவரை அவருடைய பதவியையோ பட்டத்தையோ சொல்லிப் படர்க்கையில் அழைப்பதே மரியாதை. 'நீ' என்பதற்கு ஈடான சொல் மிக நெருக்கமானது, 'நீங்கள்' என்பதற்கு ஈடான 'நி' என்ற சுவீடியச் சொல் சற்று இளக்காரமாக ஒலித்தது. 1967-இல் அரசு மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ப்ரூர் ரெக்செட், அலுவலகத்தில் எல்லோரையும் 'நீ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். சமத்துவத்தை நோக்கி ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்த சமூகத்தில் அது வேகமாகப் பரவி, சில ஆண்டுகளுக்குள் பழைய முறை பெரும்பாலும் வழக்கொழிந்தது. பண்பாடு முன்னே போக, மொழி பின்னே வந்த இடம் இது. பல பத்தாண்டுகளுக்குப் பின், கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் வாடிக்கையாளர்களிடம் அந்த 'நி'யை மீண்டும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பணிவாகப் பேசுகிறோம் என்று அவர்கள் நினைக்க, அந்தச் சொல்லின் பழைய ஒலி காதில் இருக்கும் முதியவர்களில் பலருக்கு அது தம்மைத் தள்ளி நிறுத்துவதாகப் படுகிறது.