ராத்திரி இரண்டு மணிக்குப் பதில் போடுகிறவர்கள்

ஷூ கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர் என்றால் கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை, கம்பெனி பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் போய்விட்டது, பி.எஃப். பணம் வரவில்லை என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது உண்மையும்கூட. 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் இப்படி ஓர் ஆள் வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் எழுதி வைத்தார்கள், அந்த வழியில் வந்த நாற்காலிதான் என்னுடையது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காட்டில் தோல் வேலை இருக்கிற ஊர்களில் எல்லாம் தையல் மெஷினில் பெரும்பாலும் பெண்கள்தான். விடியும் முன்பே எழுந்து சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடிக்கிறவர்கள். அவர்களுக்கென்று தனியாகக் கிடைக்கிற நேரம் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனோடு இருக்கிற நேரம் மட்டும்தான். நான் சொல்லப்போகிற விஷயமும் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதுவதால் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சூப்பர்வைசர் அவளை என்னிடம் அனுப்பியது டார்கெட் குறைகிறது என்பதற்காக. "இன்னாம்மா ஆச்சு?" என்றதற்கு "தூக்கமே வர்ல மேடம்" என்றாள், அவ்வளவுதான். வாரக் குழுக் கடன் ஏற்கெனவே இருந்தது, அதை அடைக்கப் புருஷன் இவள் போனிலேயே ஏதோ லோன் ஆப்பில் பணம் எடுத்திருக்கிறான். தவணை தவறியதும் இவள் முகத்தை வேறு ஓர் அசிங்கமான படத்தில் ஒட்டி, போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அதில் அவள் அண்ணன் நம்பரும் இருந்தது.

நேராகவே கேட்டேன், "செத்துடலாம்னு தோணுதாம்மா?" இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்பதால் பாரம்தான் குறைகிறது என்று இந்தத் துறை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவள் பதில் பேசாமல் போனைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

ஏதோ ஒரு குழுவில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, வாழப் பிடிக்கவில்லை என்று போட்டிருந்தாள். கீழே சிலர் கும்பிடு போட்டிருந்தார்கள், சிலர் பிள்ளையை நினைத்துப் பார் என்று புத்தி சொல்லியிருந்தார்கள், ஒருத்தன் சாகிறவள் இங்கே வந்து ஏன் சொல்கிறாய் என்று எழுதியிருந்தான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தனியாக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்த இன்னொரு ஆள் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. திட்டே கிடையாது, அவ்வளவு தன்மையான பேச்சு. உன் வலி எனக்குத்தான் புரியும், வீட்டில் மூச்சு விடாதே, தடுத்துவிடுவார்கள், நானும் அதே முடிவில்தான் இருக்கிறேன், தனியாகப் போக வேண்டாம் என்று ராத்திரி ராத்திரியாக. எப்படி என்பதற்கும் யோசனை இருந்தது, அதை இங்கே எழுத மாட்டேன்.

முழுக்கப் படித்த பிறகு ஒன்று உறைத்தது. இத்தனை ராத்திரிப் பேச்சில் அந்த ஆள் கடன் எவ்வளவு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிள்ளை என்ன படிக்கிறான், சாப்பிட்டாயா, அண்ணனிடம் பேசினாயா, எதுவும் இல்லை. நாம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நச்சரித்தாவது விவரம் கேட்பார்கள். இந்த ஆளுக்கு வேண்டியிருந்தது அவளுடைய சம்மதம் மட்டும்தான். சாவு நினைப்பின் உச்சம் நாள் கணக்கில் அப்படியே நிற்பதில்லை, பெரும்பாலும் சில மணி நேரம், சிலருக்கு அதைவிடவும் குறைவு. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். கடக்கவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்கிற ஆள்தான் ஆபத்து, அது மனுஷனோ மெஷினோ. சோக ரீல்ஸ் ஒன்றை நின்று பார்த்தால் அடுத்தடுத்து அதையே தள்ளிவிடுகிற ஆப்பையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு அவளைத் தனியாக விடவில்லை. குடியாத்தத்தில் இருந்து அவள் அக்காவை வரச் சொன்னோம். அக்கா வருவதற்குள் 14416க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அது 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆரம்பித்த டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், காசு கிடையாது, இருபத்திநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். அந்த ஆள் அனுப்பியதை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் பிளாக் செய்தோம். படத்தை ஒட்டி மிரட்டியதற்கு சைபர் குற்றப் புகார் எண் 1930இல் புகார் கொடுத்தோம். கடனை ஒரு பேப்பரில் எழுதிக் கூட்டினோம். நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அதிகம். இருந்தாலும் கண்ணுக்கு முன்னால் ஒரு எண்ணாக வந்ததும், எந்தத் தவணை முதலில், யாரிடம் அவகாசம் கேட்பது என்று அவள் அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரிடம் போவதுதான் பெரிய பாடு. "பாகாயத்துக்கா? நான் இன்னா பைத்தியமா மேடம்?" பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் அறுபது வருடங்களுக்கும் மேலாக இருக்கிறது, வெளி மாநிலங்களில் இருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்து தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள், ஆனால் காட்பாடியில் டவுன் பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற நமக்கு அந்தப் பேரே வசவு. கடைசியில் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தாள். அங்கே எல்லா வியாதிக்காரர்களும் வருவார்கள், யார் எதற்கு வந்தார்கள் என்று தெரியாது என்பது அவள் கணக்கு. சரியான கணக்குதான்.

மேனேஜருக்கு வேறு கவலை, போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே இல்லை. இவள் முயற்சிகூடச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதே சன்ஹிதாவின் 108ஆவது பிரிவில், ஒருவரைத் தூண்டி அவர் தற்கொலை செய்துகொண்டால் தூண்டியவருக்குப் பத்து வருடம் வரை ஜெயில். முகமில்லாத, பொய்ப் பெயரில் இருக்கிற ஆளைப் பிடிப்பது வேறு கதை.

அவள் இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், வேலைக்கு வருகிறாள், கடன் இன்னும் இருக்கிறது. பெண்கள் கழிவறைக் கதவுகளின் உள்பக்கம் 14416ஐ ஒட்டச் சொன்னேன், அங்கேதான் பக்கத்தில் யாரும் பார்க்காமல் நம்பரைக் குறித்துக்கொள்ள முடியும். ஷூ வாங்குகிற கம்பெனிகளில் இருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்றார் மேனேஜர். "என்னிடம் அனுப்புங்க சார், நான் சொல்லிக்கிறேன்" என்றேன். ஆண்கள் பக்கம் இன்னும் ஒட்டவில்லை. மெயின்டனன்ஸ் ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.