தடுப்புக்காவல் மனு ஒன்றுக்கு உதவிய அனுபவம்

சட்டம் படிக்காதவருக்கு மனித உரிமை வழக்குகளில் என்ன வேலை இருக்கப் போகிறது என்ற தயக்கத்தில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நானும் சட்டம் படித்தவன் அல்லன். விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த ஓர் இளைஞருக்காக, ஐ.நா.வின் தன்னிச்சையான தடுப்புக்காவல் பற்றிய பணிக்குழுவுக்கு ஒரு சட்ட உதவி அமைப்பு மனு தயாரித்தபோது, மொழிபெயர்ப்புக்கும் ஆவணத் தொகுப்புக்கும் உதவினேன்.

முதலில் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திடச் சொன்னார்கள். எதை எழுதலாம், யார் பெயரை மறைக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தினரே முடிவு செய்ய வேண்டும் என்றும், அவர்களின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது என்றும் வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொன்னார். நல்லெண்ணத்தோடு சமூக ஊடகத்தில் பகிரப்படும் ஒரு புகைப்படம்கூட, உள்ளே இருப்பவருக்கு ஆபத்தாக முடியலாம்.

பெரும்பகுதி உழைப்பு காலவரிசை அட்டவணைக்கே போனது. இளைஞரின் தாய்க்குத் தேதிகள் நினைவில் இல்லை. "சின்னவன் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனார்கள்" என்று மட்டும் சொன்னார். பள்ளியின் தேர்வு அட்டவணையை வாங்கிப் பார்த்தபோது, காவல்துறைப் பதிவில் இருந்த கைதுத் தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவே அந்த இளைஞர் பிடித்துச் செல்லப்பட்டிருந்தது தெரிந்தது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பு, கைதானவரைத் தாமதமின்றி நீதிபதி முன் நிறுத்தச் சொல்கிறது. அதற்குப் பொதுவாக 48 மணி நேரம் போதும் என்று, அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 2014-இல் விளக்கியிருக்கிறது. எனவே அந்த மூன்று நாள் மனுவின் முக்கிய வாதங்களில் ஒன்றானது. அந்தத் தாயின் சொற்களை நான் சட்ட நடைக்கு மாற்றாமல், அவர் சொன்னபடியே மொழிபெயர்த்து, தேர்வு அட்டவணையின் நகலை இணைப்பாக வைத்தேன்.

உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லா வழிகளையும் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை, தனிநபர் முறையீடுகளுக்கு மனித உரிமைக் குழுவிடம் உண்டு; 1991-இல் அமைக்கப்பட்ட இந்தப் பணிக்குழுவிடம் இல்லை. மனு சென்றபின், பதிலளிக்க அரசுக்கு 60 நாள் தரப்பட்டது. வந்த பதிலுக்கு மறுமொழி எழுதவும் அதே காலவரிசை அட்டவணைதான் கைகொடுத்தது.

நேரம் ஒதுக்க முடியாத நண்பர்கள் மாதந்தோறும் சிறு தொகை அனுப்பினார்கள். ஒருமுறை வரும் பெருந்தொகையைவிட இதையே நான் மேலாகக் கருதுகிறேன். ஏனெனில் நகலெடுப்பு, பயணம், சான்றுறுதி போன்ற செலவுகள் வழக்கு முடியும்வரை தொடரும், அவற்றுக்கென்று தனியாக நிதி தர யாரும் முன்வருவதில்லை. அமைப்புகள் இப்படி நிதி திரட்டுவதையும் பெறுவதையும் ஓர் உரிமையாகவே ஐ.நா.வின் 1998-ஆம் ஆண்டு மனித உரிமைக் காப்பாளர் பிரகடனம் தன் 13ஆம் பிரிவில் ஏற்றிருக்கிறது.

தடுப்புக்காவல் தன்னிச்சையானது என்று பணிக்குழு கருத்துரை வழங்கியது. அது தானாகவே சிறைக்கதவைத் திறந்துவிடாது. வழக்கறிஞர் அதை உள்நாட்டு நீதிமன்றத்தில் பிணை மனுவோடு தாக்கல் செய்திருக்கிறார். அடுத்து எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றி அரசும் மனு அனுப்பியவர்களும் ஆறு மாதத்துக்குள் பணிக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலான ஆதரவாளர்கள் விலகிப் போகும் கட்டமும் இதுவே என்பதால், அந்த அறிக்கைக்கான ஆவணங்களை இப்போது தொகுத்து வருகிறோம்.